என் பெயருக்கு ஒரு கொக்கி

முட்டாள்தனத்தை நாமே முதலில் சொல்லிவிட்டால், அதைக் கண்டுபிடித்த பெருமை வேறு யாருக்கும் போகாது. அதனால் சொல்லிவிடுகிறேன். சரியான விடைக்குச் சிவப்பு மையில் முட்டை போட்டவன் நான். முட்டையோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குக் கண், மூக்கு, மீசை எல்லாம் வரைந்து, கீழே 'கவனம் தேவை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்தச் சிவப்புப் பேனாவை அதற்காகவே கடைக்குப் போய் வாங்கி வந்திருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முட்டை வாங்கியது என் மனைவி. மம்சாபுரத்தில் அங்கன்வாடி உதவியாளர். பதினான்கு வருஷமாகப் பாய் விரிக்கிறாள், சோறு பொங்குகிறாள், மூக்குத் துடைக்கிறாள். டீச்சர் பதிவேடு எழுதுகிற நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டும் எண்ணும் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். அந்த டீச்சர் மே மாதத்தோடு ஓய்வு பெறப் போகிறார். "பத்தாவது பாஸ்னா உனக்கே அந்த வேலை வரும். இல்லைன்னா வெளியில இருந்து ஆள் போடுவாக" என்று அவரே சொல்லிவிட்டார்.

இவள் ஒன்பதாவதோடு நின்றவள். தனித்தேர்வராக எழுதி மற்ற நாலு பாடத்தையும் தாண்டிவிட்டாள். இங்கிலீஷ் மட்டும் வாசலில் குறுக்கே படுத்த நாய் மாதிரி கிடந்தது. முதல் தடவை இருபத்தேழு. இரண்டாம் தடவை முப்பத்து மூன்று. இன்னும் இரண்டு மார்க் இருந்தால் பாஸ்.

"புதுசா ஒருத்தி வருவா," என்றாள் ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே. "எம்பிள்ளைக பேரையெல்லாம் என்கிட்டயே கேட்டு எழுதிக்கிடுவா. பொறவு என்னையே பாய் விரிக்கச் சொல்லுவா."

அவ்வளவுதான் சொன்னாள். கீரைத் தண்டை ஒடித்த சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

நியாயமாகப் பார்த்தால் சொல்லிக்கொடுக்க வேண்டியவள் எங்கள் மகள். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறாள். ஆனால் காலேஜ் பஸ் அவளை வீட்டில் இறக்கிவிடும்போது பாதித் தூக்கத்தில்தான் இறக்கிவிடும். பையைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து தூங்குகிற பிள்ளையை எழுப்பி இலக்கணம் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. "நான் எதுக்கு இருக்கேன்?" என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அந்தக் கேள்விக்கு அன்றைக்கே பதில் தேடியிருக்கலாம்.

என் இங்கிலீஷ் அட்டைப்பெட்டி இங்கிலீஷ். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிகளில் என்னென்ன எழுதியிருக்குமோ அது எல்லாம் எனக்குத் தெரியும். நனையாமல் வை, கவனமாகத் தூக்கு, இந்தப் பக்கம் மேலே. பெட்டிக்கு வெளியே உள்ள இங்கிலீஷ் எதுவும் தெரியாது. வாத்தியார் ஆகிவிட்ட செய்தியை என்னோடு வேலை பார்க்கிறவரிடம் சொன்னேன். அவர் டேப் ஒட்டுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, 'இந்தப் பக்கம் மேலே'ன்னு எழுதின பெட்டியவே தலைகீழா அடுக்குறவன் நீ. அந்தப் பிள்ளை தானா படிச்சாலாவது முப்பத்து மூணு வாங்கும். நீ சொல்லிக் குடுத்து அதையும் கெடுத்துராத."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அடுப்பில் உலை வைத்த பிறகு வகுப்பு. அரிசி வேகிற நேரம்தான் பீரியடு. குக்கர் வாங்கிக்கொடுத்திருந்தால் பீரியடு இன்னும் சின்னதாகியிருக்கும், எனக்கும் மானம் மிஞ்சியிருக்கும். கைடில் முதல் பாடமே 'யாருடையது' என்று சொல்வது எப்படி என்பதுதான். ஒரு பொருள் ஒருவனுக்குச் சொந்தம் என்றால் அவன் பெயருக்குப் பின்னால் தலைக்கு மேலே ஒரு சின்னக் கொக்கி, பிறகு ஓர் எஸ். அந்தக் கொக்கிக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. என் வாயில் அது நுழையவில்லை. கொக்கி என்றே வைத்துக்கொண்டோம்.

"ஒருத்தருதுன்னாலும் கொக்கி, அம்புட்டுப் பேருதுன்னாலும் கொக்கி. எப்பவும் எஸ்ஸுக்கு முன்னாலதான்," என்றேன், கைடை முழுக்கப் படிக்காமலே. எங்கள் பெட்டிகளில் அப்படித்தான் இருக்கும்.

அவள் யோசித்தாள். "அப்போ ஒரு பிள்ளையோட தட்டுக்கும், எல்லாப் பிள்ளைகளோட தட்டுக்கும் ஒரே கொக்கியா? பார்த்தா எப்படித் தெரியும்?"

"பார்த்தா தெரியாது. வெள்ளைக்காரங்க மனசுக்குள்ள வெச்சுக்கிடுவாங்க."

இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு என்னால் சோறும் சாப்பிட முடிந்தது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பயிற்சிக்கு வந்தோம். கைடில் ஒரு பையன் வருவான். பக்கத்துக்குப் பக்கம் அவன்தான். அவன் சைக்கிள், அவன் குடை, அவன் நாய் என்று சொத்து மட்டும் ஏராளம். அவனுக்கு வைத்திருந்த பெயர் என் பெயர். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் ஒரு பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்புவார்கள்.

இவள் வாசித்துக்கொண்டே வந்தாள். சைக்கிளுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"என்ன?"

"இதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போவோம்."

"அடுத்ததுலயும் அவன்தான் வருதான். குடை வெச்சிருக்கான்."

"அதையும் விடுங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என் பெயரைச் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அவள் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் அவள் வயதுக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். வெளியாட்களிடம் நான் 'எங்க வீட்டுல அவிய', 'எம்மக அப்பா'. நேரில் 'ஏங்க'. கோபத்தில் அந்த 'ஏங்க'வும் கிடையாது.

ஒரு தடவை வீடு வீடாக விவரம் எழுதிக்கொண்டு வந்தவர் கணவர் பெயர் கேட்டிருக்கிறார். நான் வேலைக்குப் போயிருந்தேன், மகள் பள்ளிக்கூடத்தில். இவள் சுவர்க் காலண்டரில் இருந்த சாமியைக் காட்டியிருக்கிறாள். அந்தச் சாமி பெயர்தான் எனக்கு. வந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சாமிக்கு மேலே பெரிய எழுத்தில் இருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாள் அரசாங்கக் கணக்கில் நான் ஒரு பாத்திரக்கடையாக இருந்தேன். அதன் பிறகு எந்தப் படிவம் வந்தாலும் 'கணவர் பெயர்' என்ற கட்டத்தை விட்டுவிட்டு மற்றதை அவள் எழுதுவாள். நான் வேலை முடிந்து வந்து, பேனாவை ஒரு தரம் உதறி, அந்த ஒரு கட்டத்தை மட்டும் நிரப்புவேன். வங்கி, ரேஷன், மகள் காலேஜ் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். உள்ளதைச் சொன்னால், அந்தக் கட்டத்தை நிரப்பும்போது எனக்கு ஜமீன்தார் மாதிரி இருக்கும்.

ஆனால் பரீட்சைக்கு ஜமீன் எடுபடாது அல்லவா? "வாசிக்கத்தான் வேண்டாம், எழுதவாவது செய்" என்று நோட்டை நீட்டினேன். உலை கொதிக்கிற சத்தம் வந்தது. வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு நோட்டைத் திருப்பித் தந்தாள். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மை டாட்டர்'ஸ் ஃபாதர்'ஸ் சைக்கிள்' என்று எழுதியிருந்தது.

அதற்குத்தான் அந்த மீசை வைத்த முட்டை.

ஞாயிற்றுக்கிழமை மகள் நோட்டைப் புரட்டினாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"யாருப்பா இதுக்கு முட்டை போட்டது?"

"ஏன், கையெழுத்து இருக்குல்லா?"

"அப்பா, அம்மா எழுதினது சரி. ரெண்டு கொக்கியும் கரெக்டா விழுந்திருக்கு. எங்க கிளாஸ்லயே பாதிப் பேரு இதைத் தப்பா எழுதுவாங்க." அதற்கு முந்தைய பக்கங்களைத் திருப்பினாள். "ஆனா இங்க அஞ்சு பக்கத்துக்கு எல்லாமே தப்பு. நெறைய பேருக்குச் சொந்தம்னா, அந்த வார்த்தை எஸ்ஸுல முடிஞ்சிருந்தா, கொக்கி எஸ்ஸுக்குப் பின்னால வரணும். யாரு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதைத்தான் நானும் சொன்னேன்," என்றேன்.

"என்ன சொன்னீங்க? வெள்ளைக்காரங்க மனசுக்குள்ள வெச்சுக்கிடுவாங்கன்னுல்லா சொன்னீங்க," என்றாள் இவள்.

மகள் தரையில் உட்கார்ந்து ஒரு தடவைதான் சொல்லிக்கொடுத்தாள். இவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "அப்போ எங்க அங்கன்வாடிக் கதவு மாதிரின்னு சொல்லு. எல்லாப் பிள்ளைகளும் உள்ள வந்த பொறவுதானே கொக்கியப் போடணும்? ஒரு பிள்ளையை உள்ள விட்டுட்டு உங்க அப்பா கொக்கியப் போடச் சொல்லியிருக்காக. மத்த பிள்ளைக அம்புட்டும் தெருவுல நிக்கி."

இலக்கணத்தை இவ்வளவு தெளிவாக எந்தக் கைடிலும் நான் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு எந்தக் கைடையும் நான் முழுக்கத் திறந்ததில்லை என்பது வேறு விஷயம். யோசித்துப் பார்த்தால் இந்த 'யாருடையது' பாடம் அவளுக்குப் புதிதே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக என்னை 'எம்மக அப்பா', பக்கத்து வீட்டுக்காரரை 'பக்கத்து வீட்டு அக்கா புருசன்', தன் தம்பியை 'எம்மக மாமன்' என்று சொந்தத்தை வைத்தே ஊரை நடத்திக்கொண்டிருக்கிறவள். அவளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன்.

"ஆனாம்மா, பரீட்சையில 'மகளோட அப்பா'ன்னு எழுதினா மார்க் போட மாட்டாங்க," என்றாள் மகள். "கேள்வியில உள்ள பேரைத்தான் எழுதணும்."

இவள் நோட்டை மூடினாள். செத்த நேரம் அதன் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"போன தடவையும் அந்தப் பேரு வந்துச்சு," என்றாள். "விட்டுட்டேன்."

"எத்தனை மார்க் கேள்விம்மா?"

"ரெண்டு."

முப்பத்து மூன்றும் இரண்டும் எவ்வளவு என்று கணக்குப் போட எனக்குக்கூடப் பெட்டி தேவைப்படவில்லை. ஒரு முழு வருஷம். நான் எந்தப் பெயரைக் கட்டத்தில் எழுதி ஜமீன்தார் ஆனேனோ, அந்தப் பெயர்தான் அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. அவள் அதை என்னிடம் சொல்லவும் இல்லை. ரிசல்ட் வந்த அன்றைக்கு, 'இன்னும் கொஞ்சம் கவனமா எழுதியிருக்கலாம்லா' என்று நான் அறிவுரை வேறு சொன்னேன்.

"வாயால சொல்லத்தானே கூடாது," என்றேன் மெதுவாக. "எழுதறதுக்கு என்ன?"

"மனசுக்குள்ள சொல்லாம எப்படிங்க எழுதறது?"

மாட்டிக்கொண்ட இடத்தில் நான் வழக்கமாகக் கோமாளித்தனம் செய்வேன். அதையே செய்தேன். பெயரைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி எழுதிவிட்டால் சாமிக்குப் புரியாது என்றேன். கெஜட்டில் பெயரை மாற்றிக்கொள்கிறேன், கைடு எழுதுகிறவர்கள் யாரும் தொடாத பெயராகப் பார்த்துச் சொல் என்றேன். கடைசியில், "எனக்கு ஆயுசுல ரெண்டு நாள் கொறைஞ்சா கொறையட்டும். அந்த ரெண்டு நாளும் எப்படியும் லீவு போட்டுத் தூங்கத்தான் போறேன்," என்றேன்.

"வாயைக் கழுவுங்க," என்று எழுந்து போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரம் உருண்டது.

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, இனிமே நீங்க பாடம் எடுக்க வேண்டாம். உலையைப் பார்த்துக்கோங்க."

அன்றிலிருந்து நான் உலையைப் பார்த்துக்கொண்டேன். மகள் பையைக் கழற்றிவிட்டு அம்மாவோடு உட்கார்ந்தாள். அந்தப் பெயர் வருகிற பயிற்சிகளை மட்டும் இருவரும் பேசாமல் தாண்டிப் போவது அடுப்படியிலிருந்து எனக்குக் கேட்கும். தாண்டும்போது தாள் ஒரு தடவை அதிகமாகப் புரளும்.

பரீட்சை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். பங்குனி வெயில். வண்டியில் கூட்டிப்போய் இறக்கிவிட்டேன். ஹால் டிக்கெட்டைச் சேலை நுனியால் மூடிப் பிடித்துக்கொண்டு, மகள் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே வரிசையில் நின்றாள். நான் எதிர்ப்புறம் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'தாயே, எந்தப் பெயர் வேண்டுமானாலும் வரட்டும், என் பெயர் மட்டும் வர வேண்டாம்' என்று வேண்டினேன். சொந்தப் பெயருக்கு எதிராக வேண்டிக்கொண்டு வந்த பக்தனை அங்கே அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெல் அடித்து வெளியே வந்தாள். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேள்வித்தாளை வாங்கி நடுரோட்டிலேயே பிரித்தேன். இரண்டாம் பக்கத்தில் நான் குடையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"வந்திருக்கு," என்றேன்.

"ம்."

"எழுதினியா?"

"வெயிலா இருக்கு. வண்டிய எடுங்க. கோவிலுக்குப் போகணும்."

"நடை சாத்தியிருக்கும். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பாக."

"இருந்து பாத்துட்டுப் போவோம்."

உலை, மாடு, துவைக்கப் போட்ட துணி என்று எங்கே போனாலும் திரும்பி ஓடுகிறவள், அன்றைக்குக் கோவில் வாசல் நிழலில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் பால்கோவா வாங்கி வந்து அவள் பங்கையும் நானே தின்றேன். நடை திறந்ததும் அர்ச்சனைத் தட்டு வாங்கினாள். பட்டர் பெயர், நட்சத்திரம் கேட்டார். பரீட்சை எழுதினவள் அவள், அதனால் அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். முழங்கையால் இடித்தாள்.

"உங்க பேரைச் சொல்லுங்க."

சொன்னேன். கண்ணை இறுக்க மூடி நின்றாள். தீபாராதனை முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் திறந்தாள். பாஸாகப் போவது இவள், அர்ச்சனை எனக்கு எதற்கு என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. வயிறு முழுக்கப் பால்கோவா.

ரிசல்ட் மகளின் போனில்தான் வந்தது. காலேஜ் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் அந்தப் பஸ்ஸே கத்துகிற சத்தம் கேட்டது. "நாப்பத்தி ஆறும்மா! நாப்பத்தி ஆறு!" இவள் போனைக் காதில் வைத்தபடியே அடுப்பை அணைத்தாள். பிறகு ஒன்றும் வேகாத அடுப்பை மறுபடி பற்ற வைத்தாள். மறுநாள் கம்பெனியில் பெட்டி பெட்டியாகப் போய்ச் சொன்னேன். டேப் ஒட்டுகிறவர், "நீ பாடம் எடுக்கறத எப்ப நிறுத்தின?" என்று மட்டும் கேட்டார்.

நாப்பத்தாறில் அந்த இரண்டு மார்க் இருக்கிறதா இல்லையா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. இருந்தாலும் பாஸ், இல்லாவிட்டாலும் பாஸ். ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தேன். சாப்பிடும்போது கேட்டேன், சட்டைக்குப் பித்தான் தைக்கும்போது கேட்டேன். "பேப்பர் திருத்தினவககிட்டப் போய்க் கேளுங்க" என்று ஒரு தடவை சொன்னாள். மற்ற தடவைகளில் அதுவும் இல்லை.

மே மாதம் டீச்சர் ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் முன்னால் பதவி உயர்வுப் படிவம் வந்தது. நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, தரையில் உட்கார்ந்து, அதை நோட்டின் மேல் வைத்து நிதானமாக எழுதிக்கொண்டிருந்தாள். வயது, படிப்பு, பணியில் சேர்ந்த நாள் எல்லாம் எழுதியாகிவிட்டது. படிப்பு என்ற இடத்தில் 'பத்தாம் வகுப்பு தேர்ச்சி' என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதியிருந்தாள், மை அடுத்த பக்கத்திலும் தெரிந்தது. நான் கைகால் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, வழக்கம்போல ஒரு தரம் உதறினேன்.

"இங்க தா, அந்தக் கட்டத்தை நான் எழுதிடறேன்," என்று கையை நீட்டினேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"எழுதியாச்சு."